மறுபயன்

வணிக மேல் நீதிமன்றத்தில்
மூன்று மொழிக்கும் நடுவில் எனக்கொரு நாற்காலி.
ஒரு கால் குட்டை.
பழைய தவணைப் பட்டியலை மடித்து
அடியில் வைத்திருக்கிறேன்.

வாதி, சிங்கப்பூர்க் கம்பனி.
எந்தக் கப்பல் எந்தத் துறையில் என்ன கூலிக்கு
என்று சொல்லிக் காசு வாங்குவது தொழில்.
சந்தா ஓர் ஆளுக்கு, ஒரு பெயருக்கு.
பிரதிவாதி, புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத்தெருவில்
துணிக்கடைக்கு மேலே ஒரு கப்பல் முகவர் கந்தோர்.
ஏழு மேசை.
ஒரு பெயர்.

பதிவேடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எமிலியானுஸ் ஒன்பது நாலுக்கு வத்தளையில் நுழைகிறார்.
ஒன்பது ஐந்துக்குத் தெமட்டகொடையில்.
அதே ஒன்பது ஐந்துக்குத் தெஹிவளையில்.
"ஒரே நேரத்தில் எங்கும் இருக்கக்
கடவுளால்தான் முடியும், கனம் நீதிபதி அவர்களே"
என்றார் வாதியின் சட்டத்தரணி.
சிரிப்பை மொழிபெயர்க்க எனக்குச் சம்பளம் இல்லை.

எமிலியானுஸ் இறந்து மூன்று வருஷம்.
கணக்கை அவர் பெயரிலிருந்து மாற்ற
யாரும் மினக்கெடவில்லை.
காலையில் திரை அவரைப் பெயர் சொல்லி வரவேற்கும்.
"ஓம், வந்துட்டேன்" என்பானாம் பஸ்லி,
தேத்தண்ணியை உறிஞ்சியபடி.
கடவுச்சொல் நாட்காட்டியின் பின்புறம் பென்சிலில் இருந்தது.
பிறகு கம்பனி இன்னொரு பூட்டுப் போட்டது:
ஆறு இலக்கம்,
பதிந்த கைபேசிக்கு மட்டும் வரும்,
அறுபது செக்கனில் செத்துப்போகும்.
கைபேசியோ கொட்டாஞ்சேனையில்,
அவர் மனைவியிடம்,
குளிர்பெட்டிக்கு மேலே
எந்நேரமும் மின்னேற்றியில்.

சாட்சிக்கூட்டில் செபமலர்.
கைப்பையின் பிடியில் இரண்டு கையும்.
"நாளுக்கு எத்தனை முறை இலக்கம் சொன்னீர்கள்?"
"மூண்டு, நாலு. மாசக் கடைசியெண்டால் கூட."
"யார் யாருக்கு?"
"எல்லாம் பிள்ளையள்தான். குரல் தெரியும்."
"பதிலுக்கு என்ன பெற்றீர்கள்?"
"ஒண்டும் இல்லை."
"ஒன்றுமே?"
"சுகம் கேப்பினம்."

இதில்தான் இடறினேன்.
இருபத்திரண்டு வருஷமாய்
காணி உறுதியையும் கத்திக்குத்தையும்
சேதமில்லாமல் அக்கரை சேர்த்தவன்.
சுகம் கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைத்தது,
அதில் ஆஸ்பத்திரி வாடை.
என் வாயிலிருந்து அதுதான் போனது.
நீதிபதி குனிந்து எழுதினார்:
மறுபயன் எதுவும் இல்லை.
திருத்த எழுந்தேன்.
நாற்காலி ஆடியது.
உட்கார்ந்துவிட்டேன்.

நானும் யோக்கியன் இல்லை.
இரவில் நான் படம் பார்ப்பது
ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் கணக்கில்.
நீங்கள் இந்த வீட்டாரா என்று திரை கேட்கும்,
ஆம் என்று அழுத்துவேன்.
பொய் சொல்கிறேன் என்று
ஒருநாளும் பட்டதில்லை.

பதிவாளர் கைபேசியைப் பழுப்பு உறையிலிட்டு
ஒட்டி, கையொப்பம் வாங்கி,
பி-7 என்று குறித்தார்.
நேற்றிரவும் அதை முழுதாய் மின்னேற்றியிருக்கிறார் செபமலர்.
பழக்கம்.

வாதியின் சட்டத்தரணி
நிபந்தனை பதினான்கை வாசித்துக்கொண்டிருக்கையில்
உறை நடுங்கியது.
மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது.
பழுப்புக்குள் ஒரு சின்ன வெளிச்சம்.
தடையுத்தரவு இருக்கிறது, ஆனாலும்
ஐந்தாம் குறுக்குத்தெருவில் எவனோ
கைப்பழக்கத்தில் அழுத்திவிட்டான்.
பிரதிவாதியின் சட்டத்தரணி
மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"அங்கை ஆரோ பாத்துக்கொண்டு நிக்கினம்"
என்றார் செபமலர், ஒருவரிடமும் இல்லாமல்.

கூட்டில் நின்று சொன்னது எதுவானாலும்
மொழிபெயர்ப்பது என் கடமை. சொன்னேன்,
இம்முறை பிசகாமல்.
கேள்வி கேட்கப்படவில்லை,
பதிவில் வேண்டாம் என்றார் நீதிபதி.

வெளிச்சம் இன்னும் இருந்தது.
மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்றில்
அடுத்த தவணை ஒக்டோபர் பதினாறு என்றார்கள்.