ஒரு வரி குறைகிறது

இண்டெக்ஸ் வழியாக எண்ணினால்
நானூற்றுப் பதினொன்று.
அட்டவணையை வரிவரியாகத் தடவி எண்ணினால்
நானூற்றுப் பன்னிரண்டு.
"மெமரிக் கோளாறா இருக்கும்" என்று
மீரான் தூங்கப் போய்விட்டான்.

எல்லீஸ் நகரில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.
சோதனைக்கு நான் போட்ட பெயர்களை
ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.
விடுபட்டவள் ஒச்சம்மாள், செக்கானூரணி.

பக்கம் நிரம்பி இரண்டாகப் பிளக்கிற கணத்தில்
சரியாக நடுவில் நின்றிருக்கிறாள்.
அவளுக்குச் சிறியவை இடப்பக்கம்,
பெரியவை வலப்பக்கம்.
அவள்?
மாட்டுத்தாவணி பஸ்ஸிலும் ஏற்றவில்லை,
ஆரப்பாளையம் பஸ்ஸிலும் ஏற்றவில்லை.

தொலைந்தும் போகவில்லை.
டிஸ்கில், போட்ட இடத்தில், போட்டபடியே இருக்கிறாள்
வயதும் கதவு எண்ணுமாக.
அவளிடம் போகிற வழியைத்தான்
எழுதாமல் விட்டிருக்கிறது.

ஆறு வருஷப் பழைய வரி.
யார் எழுதியது என்று பார்த்தேன்.
நான்.

பெரிது என்ற குறிக்குப் பக்கத்தில்
ஒரு சமக்குறி சேர்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு.

பைபாஸ் ரோட்டில் முதல் டீக்கடை திறந்துவிட்டது.
குறிப்பு எழுத வேண்டும் இன்னும்:
பழைய இண்டெக்ஸ்களைக் கலைத்து மறுபடி கட்டவும்.
எந்தெந்த ஊரில் எத்தனை பேர் என்பதை
எப்படி எழுத?
"சில சமயங்களில்" என்று எழுதினேன்.