ஓடைத் திருப்பம், கோர்கோவாடோ

படகு எங்களைத் தொடையளவு அலையில்
இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.
காலுறையைப் பிழியக்கூட விடவில்லை யோர்லேனி.
தோளில் முக்காலியோடு தொலைநோக்கி,
வாயில் ஒரே சொல்: மெதுவாக.

செம்மக்காவ் இரண்டு
வாதுமைத் தோலை எங்கள் தலையில் துப்பின.
ஜெர்மன்காரர் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார்.
எங்கோ ஊளைக்குரங்கு.
கேட்டதைச் சேர்க்கலாமா என்று யோசித்து
அதற்கும் ஒன்று.
நான் கண்டதோ இலை, இலைக்குப் பின்னே இலை,
கழுத்தில் இறங்கும் வேர்வை.

ஓடைத் திருப்பத்தில் கையை உயர்த்தினாள்.
சேற்றுக் குழியில் ஒரு பாறை
மூச்சு விட்டது.
தாபிர்.
யானையாக முயன்று பாதியில் கைவிட்ட மூக்கு.
காதின் வெள்ளை விளிம்பில் ஈக்கள்.

"அப்பா வெட்டிய குழி இது"
குவியத்தைத் திருகியபடியே சொன்னாள்.
பூங்கா வருமுன் இங்கெல்லாம்
தங்கம் அரித்தார்களாம்.
காவலர்கள் கூடாரங்களைப் பிரித்த அன்று
அவள் பிறந்து பதினோரு நாள்.

கிடைத்ததா? ஜெர்மன்காரர் கிசுகிசுத்தார்.
விரலால் உதட்டை ஒதுக்கிக் காட்டினாள்:
கடைவாயில் ஒரு பல், மஞ்சளாய்.
"இவ்வளவு."

சிரிப்பை எல்லோரும் விழுங்கினோம்.
தாபிர் புரண்டு படுத்தது,
தன் உடம்புக்கே
அளவெடுத்து வெட்டியதுபோல.