பிழை எண் 4417

அந்த மரப்பாலத்தின் மூன்றாவது பலகையில்
குதிரையை விட்டு
இடது காலை முதலில் வைத்து இறங்கினால்
தரை இருக்காது.

நவம்பரில் கண்டுபிடித்தேன்.
அறுபத்திரண்டு தடவை விழுந்தேன்.
விழுந்த நேரம், வானிலை, குதிரையின் நிறம்
எல்லாம் எழுதி வைத்தேன்.
கறுப்புக் குதிரையென்றால் அதுவும் சேர்ந்து விழும்.
வெள்ளைக் குதிரை பாலத்திலேயே நின்று
இல்லாத புல்லை மேயும்.
மழை பெய்தால்
விழுகிறவனின் தலைமுடி மட்டும்
பலகை மேல் தங்கிவிடும்,
யாரோ கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன மாதிரி.
நோராஷிகின் சிரித்த சிரிப்பில்
தே தாரிக் கீபோர்டுக்குப் போனது.

கோக் வெய் சிரிக்கவில்லை.
நிலை: தெரியும்.
தீர்வு: பிறகு.
"வெளியீட்டுத் தேதி பஸ் மாதிரி லா,
நமக்காக நிற்காது" என்றான்.
பினாங்கில் எந்த பஸ்
சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது
என்று கேட்டிருக்கலாம்.
மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது.
கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியானது.
இரவு ஷிப்ட் முடித்துப் பாயான் லெப்பாஸிலிருந்து
மோட்டாரில் வந்தான் தம்பி யுகேந்திரன்.
லிப்ட் மறுபடி கெட்டுப் போயிருந்தது.
பதினோரு மாடி ஏறி வந்தும்
முகத்தில் களைப்பில்லை.
இருநூற்று எண்பத்தொன்பது ரிங்கிட்,
நான்கு ஞாயிறு ஓவர்டைம்,
இரண்டு நாள் லீவு.
டவுன்லோட் முடிந்ததும் திருத்தம் என்று
இன்னும் ஐம்பது ஜிபி கேட்டது.
அதற்குள் மேகி கிளறினான், தூங்கினான், எழுந்தான்,
வீட்டில் எல்லோருடைய போன் வைஃபையையும்
ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தான்.

அவன் வேலையைச் சொல்ல வேண்டும்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் நின்று
சில்லுகளைப் பார்ப்பது.
முடியை நூறாகக் கிழித்த அளவு கீறல் இருந்தாலும்
தட்டோடு குப்பைக்குப் போகும்.
ஒரே ஒரு தடவை ஒன்று தப்பிப் போனது.
எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.
அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று
அம்மா தினமும் திறக்கும் அரிசி டின்னிலேயே
அதை ஒளித்து வைத்த புத்திசாலி.

எந்த விளையாட்டைச் சோதிக்கிறேன் என்று
யாரிடமும் சொல்லக்கூடாது.
ஏழு பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தம்பிக்கும் சேர்த்துத்தான் அந்த ஏழு பக்கம்.

பின்னால் நின்று அவன் சட்டைக்கு
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.
பாலம் வந்தது.
கறுப்புக் குதிரை.
மழை.
இறங்காதே, இறங்காதே,
இறங்கினாலும் வலது காலை வை...
இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று
காலர் கருகும் வாசம் வந்த பிறகுதான் தெரிந்தது
மூச்சைப் பிடித்திருந்தேன் என்று.

முடி மேலே நின்றது.
மற்றதெல்லாம் போனது.
மூன்று மணி நேர ஆட்டமும் போனது,
சேமித்த இடம் கிராமத்து வாசலில்.

முதல் தடவை கெட்ட வார்த்தை சொன்னான்.
இரண்டாம் தடவை கன்ட்ரோலரை ஓங்கி,
அதன் விலை ஞாபகம் வந்து
மெத்தையில் போட்டான்.
ஐந்தாம் தடவை
மின்சார பில் உறையைத் திருப்பிப்போட்டுப்
பேனா தேடினான்.
மழை, என்று எழுதினான்.
கறுப்பு, என்று எழுதினான்.
இடது கால், என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

எனக்கு மணிக்குப் பதினொரு ரிங்கிட் கொடுத்தார்கள்.
இவன் கொடுத்துவிட்டுச் செய்கிறான்.

போனில் நிறுவனத்தின் மன்னிப்பு வந்தது.
"உங்கள் பொறுமைக்கு நன்றி."
யாரும் அதைக் கடையில் வாங்கவில்லை,
பெட்டிக்குள் இருந்ததாகவும் தெரியவில்லை.

"ஏன்க்கா, வெளியே விடுறதுக்கு முந்தி
இத ஒருத்தருமா பாக்கல?"

திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டான்.
கருகிய காலரை உள்பக்கமாக மடித்தேன்.

"வெள்ளைக் குதிரை எடு," என்றேன்.
"குதிரையாவது மிஞ்சும்."

இப்போது திரும்பிப் பார்த்தான்.