தோள்பட்டைச் சிவப்பு

பல்லாவரம் சந்தையில் வெள்ளியன்று பிடித்தவை.
தக்காளிக் கூடைக்குள் பதினேழு.
வேளச்சேரி வந்து சேர்ந்தபோது மூச்சிருந்தவை பதினான்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்.

இனம் என்ற கட்டத்தில்
விற்றவன் சொன்னதையே எழுதியிருந்தார் எபினேசர் சார்:
மலைக்கிளி. ஜோடி எட்டாயிரம்.
வாழிடம், வடக்கே மலையடிவாரம்.
"தோள்ல செவப்பு இருக்கே, பாக்கலையா?"

முதல் கிளியைத் துணியில் சுற்றி ஸ்கேல் வைத்தேன்.
அலகு நுனி தொட்டு வால் நுனி வரை
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
மலைக்கிளி என்றால் இன்னும் ஒரு சாண் வேண்டும்.
எடை நூற்றுப் பன்னிரண்டு கிராம்,
ஒரு டம்ளர் காப்பியைவிடக் குறைவு.
மேலலகு மிளகாய்ப்பழம், கீழலகு கரி.
முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு.
நான்காலும் என் சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டு
நிதானமாகக் கடித்தது.
கடிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கழுத்து வளையம்: காணோம்.
பெண்ணாக இருக்கலாம்,
மூன்று வயது நிரம்பாத ஆணாகவும் இருக்கலாம்.
இறக்கை: கத்தரி பட்டது. இடம் ஆறு, வலம் ஐந்து.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஹமீதா செடிக்கு அடிக்கும் தெளிப்பானை எடுத்துவந்து
கூண்டு கூண்டாகத் தூறலிட்டாள்.
வாலை விரித்து, கழுத்தை உப்பி,
சிலுப்பிச் சிலுப்பி நனைந்தன.
தகரத் தட்டில் வழிந்த தண்ணீர்
ரோஸ்மில்க்.

யாருடைய தோளிலும் சிவப்பில்லை இப்போது.
எல்லாம் என் கைக்குட்டையில்.
அடியில் வெறும் பச்சை.
வெறும் என்று எழுதியிருக்கக் கூடாது:
வேப்பங்கொழுந்தில் நீலம் தொட்டுத்
துடைத்துவிட்டது போன்ற பிடரி.

சார் எழுதியதையெல்லாம் அடித்தேன்.
இது ஊர்க்கிளி.
இதன் நாடு எதுவெனப் புத்தகம் பார்த்தால்
ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் கிளம்பி
பர்மா வரை ஓடுகிறது.
கட்டமோ இரண்டு அங்குலம்.

வீட்டுக்காரம்மா என்னைக் கேட்பாள், மாதம் ஒருமுறை,
"ஒனக்குச் சொந்த ஊர் எது?"
நான் சைதாப்பேட்டையில் பிறந்தவள்.
அவள் நம்புவதில்லை.

ஐந்தே முக்கால்.
கிண்டி மரங்களை நோக்கி
கீக்கீயென்று இரைந்தபடி ஒரு கூட்டம்
அலுவலகக் கூரைக்கு மேலே போனது.
உள்ளே பதினான்கு தலைகளும்
ஒரே பக்கம் சாய்ந்தன.
ஒன்று பதில் சொன்னது.

எழுதினேன்: இங்கேதான்.

எபினேசர் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"கவர்மென்ட் பாரம்மா இது.
முழு அட்ரஸ் எழுது."

அறுந்த இறகு விழுந்து புதிது வர
ஐந்தாறு மாதமாவது ஆகும்.
அதற்குள் யோசிக்கலாம்.