பதினான்கு புள்ளி இரண்டு

சன்னல்களைச் சாத்துங்கள் என்பேன் முதலில்.
இரண்டு பகல், இரண்டு இரவு.
வந்துபோகக் கதவைத் திறக்கலாம்,
திறந்தே போட்டுவைக்கக் கூடாது.
பிறகு படியிறங்கி
துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எட்டத் தள்ளி
இடுப்புயர ஸ்டூல் ஒன்றின் மேல்
கரி நிரப்பிய தகரக் குப்பியை
மூடி கழற்றி வைப்பேன்.
அவ்வளவுதான்.
சிலர் ஏமாந்துபோகிறார்கள்,
ஏதாவது கீச்சிடும், சிவப்பு விளக்கு எரியும்
என்று காத்திருந்தவர்கள்.

அயோவா. அக்டோபர் கடைசி.
சோளவயலை மனைகளாக்கி
ஒரே அச்சில் வார்த்த பதினோரு வீடுகள்.
முட்டுச்சந்தின் நடுவே ஒரு கூடைப்பந்து வளையம்.
பனியாறு எப்போதோ அரைத்துக் கொட்டிப்போன மண்ணில்
யுரேனியம் ஒரு சிட்டிகை.
அது சிதைந்து சிதைந்து ரேடானாகி
கான்கிரீட் விரிசலில்
குழாயைச் சுற்றிய இடுக்கில்
ஏறி வருகிறது.
சுவருக்குக் காது உண்டென்றால்
தரைக்கு மூச்சு உண்டு.

ஏழாம் எண், லவோன் டெர்ப்ஸ்ட்ரா: ஒன்று புள்ளி எட்டு.
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள்,
மகனின் மதிப்பெண் அட்டைக்குப் பக்கத்தில்.

எட்டாம் எண்.
வீட்டை விற்கப் பலகை நட்டிருந்த ராண்டல்
"இந்தத் தெருவில் அதெல்லாம் கிடையாது" என்றார்.
குப்பியை எடுக்கப் போனேன்.
கீழ்த்தளச் சன்னலின் உள்விளிம்பில்
முந்தின இரவின் மழை ஈரம்,
ஒரு மேப்பிள் இலை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பையிலிருந்து புதுக் குப்பி எடுத்து வைத்தேன்.

ஒன்பதாம் எண்.
லிட்டருக்குப் பதினான்கு புள்ளி இரண்டு பிக்கோகியூரி.
நான்கிலேயே சரிசெய்யச் சொல்லிவிடுவோம்.
ஆர்டிஸ் காகிதத்தை இருமுறை படித்தாள்,
கண்ணாடியை மாற்றிப் போட்டு மூன்றாம் முறை.

கீழே அதிகம் புழங்குவது யார்?
படிவத்தில் உள்ள கேள்வி, நானாகக் கேட்டதல்ல.
"டெல்மர்தான். தூங்குவதே அங்கேதான்."
எவ்வளவு காலமாக?
"குறட்டை" என்றாள்,
நான் காரணம் கேட்கவில்லை.
அப்புறம், "மூன்று வருடம்."
எழுதிக்கொண்டேன்: 3.

தரையில் ஒரு துளை போடுவோம்,
அதில் வெள்ளைக் குழாய், கூரையைத் தாண்டும்வரை.
சின்ன விசிறி ஒன்று இரவும் பகலும்
மண்ணின் காற்றை உறிஞ்சி மேலே விட்டுவிடும்.
வேலைக்கு வியாழக்கிழமைதான் முடியும்.
"அதுவரைக்கும்?"
கீழே இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
புகைப்பாரா என்று கேட்க மறந்து
வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்டேன்.
"விட்டுவிட்டதாகச் சொல்கிறார்."

வியாழன் காலை துளைக்கருவியோடு போனால்
மாடிப்படித் திருப்பத்தில்
மெத்தை ஒன்று வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது.
கீழிருந்து டெல்மர் தள்ள
மேலிருந்து ஆர்டிஸ் இழுக்க.
"இடப்பக்கம் சாய்."
"இதுதான் இடப்பக்கம்."
"என் இடப்பக்கம்!"
கருவியைக் கீழே வைத்துவிட்டு
நானும் ஒரு மூலையைப் பிடித்தேன்.
எந்த அறைக்கு என்று
அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கூடத்தில் சாத்தி வைத்தோம்.

மாலை வண்டியை எடுக்கும்போது
எட்டாம் எண்ணின் பலகையைக் காணவில்லை.
புல்தரையில் மண்டியிட்டு ராண்டல்
கீழ்த்தளச் சன்னலை வெளியிலிருந்து
உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்,
சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று.