வெட்டுக்காயம்: ஒன்று

இரவு பதினொன்று நாற்பது.
கரண்ட் போய் அரை மணி.
தேர் இன்னும் கீழ்ப்பிரிவு முச்சந்தியில்
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நிற்கிறது.
யோகராசாவைத் தூக்கி வந்தார்கள்,
இடது முழங்கைக்குக் கீழே திறந்த சதை.
பின்னால் அவன் அண்ணன் வீரமலை,
கையில் கவ்வாத்துக் கத்தி.

"எந்தப் பக்கம் ஓடுனான் நிரோசன்?"
என்னிடம்தான் கேட்டான்.
மிசிக்கு எல்லாம் தெரியும் என்று
மஸ்கெலியாப் பக்கம் ஒரு நம்பிக்கை.
எனக்குத் தெரிந்தது
டோர்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பது.
"கத்திய அந்தத் தட்டுல வை.
இதப் பிடி. ஆடாமப் பிடி."

ஆடியது.
வெளிச்சம் காயத்தை விட்டுச் சுவருக்குப் போனது,
சுவரிலிருந்து போஷாக்குப் படத்துக் கீரைக்கு,
கீரையிலிருந்து தட்டுக்கு.
ஒவ்வொரு முறையும் அதட்டினேன்.
ஏழு தையல். நாலாவதில்தான்
வெளிச்சம் தம்பியின் கையில் நின்றது.

மரப்பு மருந்துக் குப்பியை ஆட்டிக் காட்டினேன்.
"இன்னும் ஒருத்தனுக்குத்தான் இருக்கு.
நீ போய் வெட்டுனா அவன இங்கதான் கொண்டு வருவாங்க.
அவங்க ஆள் உன்ன வெட்டுனா உன்னையும் இங்கதான்.
யாருக்குப் போடன்னு
இப்பவே சொல்லிட்டுப் போ."

"அவன் என் மூஞ்சியப் பாக்கணும் மிசி.
பாத்து, எதுக்குன்னு தெரிஞ்சி,
அப்புறம் விழணும்."

தெரியும்.
அப்படி ஒரு மூஞ்சியை நானும் வைத்திருந்தேன்
ஒன்பது வருஷம்.
அக்கா பீலியில் வழுக்கி விழுந்தாள் என்று
சாட்சி சொல்லித் தப்பியவன்.
என் நினைப்பில் அவன் எப்போதும் நிமிர்ந்து நிற்பான்,
கேட்டதற்குப் பதில் சொல்வான், கெஞ்சுவான்.
ரோலரில் இரண்டு விரல் போய்
இதே வாங்கில் வந்து உட்கார்ந்தபோது
மடியிலேயே வாந்தி எடுத்தான்.
என்னை யாரென்றே தெரியவில்லை.
ஸ்பிரிட் பஞ்சைத் தேவைக்கு மேல் அழுத்தினேன்,
பதினாறு எண்ணும் வரை.
அந்த அலறலில் ஒரு இனிப்பு இருந்தது,
மறைக்க மாட்டேன்.
தேத்தண்ணி ஆறுவதற்குள் அது போயிற்று.
அக்கா செத்தபடியே இருந்தாள்.

இதை வீரமலையிடம் சொல்லவில்லை.
பதிவுப் புத்தகத்தை விரித்தேன்.
பேர். பேர்கொப்பி நம்பர். தகப்பன் பேர்.
கடைசியா ஏற்பு ஊசி போட்டது எப்ப?
"எனக்கா, தம்பிக்கா?"
"ரெண்டு பேருக்கும்."
பிறந்த திகதியை வேண்டுமென்றே பிழையாக எழுதி
அடித்து, மறுபடி கேட்டேன்.
காமன் மண்டபத்துப் பக்கம்
யாரோ கத்தினார்கள்; அவன் எழுந்தான்;
"கையெழுத்து இன்னும் வைக்கல" என்றேன்.
உட்கார்ந்தான்.
ஒரு மணிக்குச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான்,
பல்லைக் கடித்தபடியே.

கத்தியைப் பழைய சீலைத் துணியில் சுற்றி
கருத்தடை மாத்திரைப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.
ஆம்பிளைகள் தேடாத இடம்.

விடியப் பிரட்டுக்குச் சங்கு ஊதியது.
"கத்தியக் குடுங்க மிசி.
பிந்துனா அரைப் பேர்தான் போடுவான்."
கவ்வாத்து மாசம்.
கத்தி இல்லாதவனுக்குப் பேர் விழாது,
பேர் விழாத வீட்டில் அடுப்பும் கோபமும்
எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
கொடுத்தேன்.
நம்பிக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி வளைவில் பாதை பிரியும்.
மேலே ஏழாம் நம்பர் மலை,
கீழே நிரோசனின் லயம்.
எந்தப் பக்கம் திரும்பினான் என்று
பனி காட்டவில்லை.
தையல் ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டு
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்தவை:
குளவிக் கொட்டு மூன்று,
அட்டைக் கடி சீழ் பிடித்தது ஒன்று,
காய்ச்சலோடு இரண்டு பிள்ளைகள்.
நடக்காமல் போனதை எழுத
புத்தகத்தில் கட்டம் கிடையாது.
ஒருத்தனுக்கான மருந்து
அப்படியே இருந்தது. உள்ளே வைத்துப் பூட்டினேன்.

நாளைக்கும் கவ்வாத்துதான்.