வெள்ளை ஏழு

வல்மியெராவில் இரண்டாம் நாளாகப் பனி.
உள்ளே, மைதானத்தின் ஓரத்து மேசையில்
நானும் ஊத்ரிஸும்.
நான் பார்ப்பேன், சொல்வேன். அவன் அடிப்பான்.
நான் குனியக் கூடாது, அவன் நிமிரக் கூடாது.
ஆறு வருடத்தில் ஒரு பந்துகூட
கூடைக்குள் விழுந்து அவன் பார்த்ததில்லை.
என் வாய்தான் அவனுக்கு ஆட்டம்.

"வெள்ளை ஏழு, மூன்று, தவறு.
சிவப்பு பதினொன்று, ரீபவுண்ட்.
சிவப்பு நான்கு, இரண்டு, விழுந்தது.
அசிஸ்ட்... வேண்டாம், அவளே உருட்டிப் போனாள்."

வெள்ளை ஏழு என்றால் ஸ்போத்ரா.
ஹங்கேரிக்கு எதிராக அன்று எறிந்தது பத்து.
பத்தும் வளையத்து இரும்பைத் தட்டிவிட்டு
ஆளில்லாத வீட்டுக்கு வந்தவர்கள்போலத்
திரும்பிப் போயின.
எட்டாவது தவறியதும் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர்
"உட்கார வைய்யா அவளை!" என்று கத்தினார்.
ஒன்பதாவதுக்கு ஊரே கத்தியது.
பயிற்சியாளர் தாலிவல்தீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்,
காது கேளாதவர்போல.

மூன்றாம் கால்பகுதியில் ஒருமுறை தும்மினேன்.
கண் திறந்தபோது சிவப்பின் பந்து
யாரோ தட்டிவிட்டு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.
உயரத்தில் இருந்த கை பன்னிரண்டுடையது.
"வெள்ளை பன்னிரண்டு, பிளாக்" என்றேன்.
ஊத்ரிஸ் அடித்தான்.

கடைசி நிமிடம். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
செங்கெ எறிந்தாள், தவறியது.
ஆறு கை, ஒரு முழங்கை, யாருடையதோ ஒரு கூச்சல்;
எல்லோர் விரலிலும் பட்டு
கோட்டைத் தாண்டி உருண்டது பந்து.
நடுவர் எங்கள் பக்கம் கை காட்டினார்.
இப்படிப்பட்ட ரீபவுண்டை எவர் பெயரிலும் எழுத மாட்டோம்.
தாளின் அடியில் 'அணி' என்று ஒரு வரிசை உண்டு.
எண் இல்லாத, சட்டை நனையாத ஒருத்தி.
அன்று அவளுக்கு ஐந்து.

இரண்டு நொடி மிச்சமிருக்க மாருதா போட்டாள்.
கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது.
ஊத்ரிஸ் விசைப்பலகையிடம் கேட்டான்: "யார்?"
"வெள்ளை ஐந்து, இரண்டு, விழுந்தது."

மாருதாவுக்கு இருபத்தேழு. கேமராக்கள் அவளை மொய்த்தன.
அச்சுப்பொறி சூடாகத் தாளைத் துப்பியது.
குளித்த ஈரத்தலையோடு ஸ்போத்ரா வந்து
ஒன்றை எடுத்து, தன் வரிசையில் விரலை ஓட்டினாள்.
இரண்டுக்கு எறிந்தது நான்கு, முட்டை.
மூன்றுக்கு எறிந்தது ஆறு, முட்டை.
பிளாக், முட்டை. புள்ளி, முட்டை.
கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.
+14.
"இது தப்பா?" என்றாள்.

அவள் களத்தில் நின்ற இருபத்துமூன்றே முக்கால் நிமிடத்தில்
எதிரியைவிட நாங்கள் பதினான்கு அதிகம்.
அவள் பெஞ்சில் இருந்த மீதி நேரத்தில்
பதின்மூன்று குறைவு.
மிஞ்சியது ஒன்று. ஜெயித்ததும் அந்த ஒன்றில்தான்.

அந்தக் கட்டத்துக்கு நான் எதுவும் சொன்னதில்லை.
அவனும் எதுவும் அடித்ததில்லை.
யார் உள்ளே, யார் வெளியே என்பதை மட்டும் வைத்து
இயந்திரம் தன்பாட்டுக்குக் கூட்டிக் கழித்திருக்கிறது,
நாங்கள் இருவரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது.

"தப்பில்லை" என்றேன்.
ஊத்ரிஸ் அன்று முதல்முறையாக நிமிர்ந்தான்.
"ஏழு நீங்கள்தானா?
இன்னும் உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன்."
அவள் சிரித்தாள். தாளை நாலாக மடித்து
கோட்டுப் பையில், பஸ் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டு
பனிக்குள் போனாள்.

நள்ளிரவில் காணொளியை ஓட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் கால்பகுதி. என் தும்மல்.
பன்னிரண்டின் கைக்குக் கீழே, குட்டையாய் இன்னொரு கை.
திருத்துவதற்கான கெடு பத்து மணிக்கே முடிந்திருந்தது.

ஊத்ரிஸைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
"வெள்ளை ஏழு, பிளாக்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, தூக்கக் குரலில்,
"அடித்துவிட்டேன்" என்றான்.